பழகிப்போன ஓசை

நெல்லுக் குத்தும் ஆலையொன்றின் அயலிலே ஒரு வீடு. பகல் முழுவதும் ஆலையின் இரைச்சல் அவ்வீட்டினுள் புகுந்துகொண்டிருக்கின்றது. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒரு மணிநேரங்கூட நிம்மதியாக இருக்க முடியாமல், "இந்தச் சத்தத்தை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்களோ!" என்று வியக்கின்றார். வீட்டுக்காரரோ புன்முறுவலுடன், "எந்தச் சத்தம்? அது காதுக்குப் பழகிப்போய்விட்டது" என்கின்றார்.

அதே ஆலையின் உள்ளே, பொறிகளின் அருகில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் இருக்கின்றார். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் அவரும் இதே விடையையே கூறுவார். "வந்த புதிதில் தலை வெடிப்பதுபோல இருந்தது. இப்பொழுது காதுக்குப் பழகிவிட்டது."

இருவர் வாயிலும் ஒரே சொல்தான் பிறக்கின்றது. ஆனால் இவ்விரண்டு பழக்கங்களும் ஒன்றல்ல. ஒன்று மனத்தின் திறமை; மற்றையது செவியின் அழிவு. ஒரே அளவாகத் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை நேரஞ் செல்லச் செல்லக் குறைந்து கேட்பதாக ஏன் தோன்றுகின்றது, உண்மையிலேயே அது குறைகின்றதா, குறைந்தால் எங்கே குறைகின்றது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். காற்றிலே அலையாக வரும் ஒலியின் ஆற்றலைச் செறிவு என்பர். அது கருவியால் அளக்கப்படுவது. தெசிபெல் என்னும் அலகினாற் குறிக்கப்படுவது. அவ்வொலி கேட்பவருக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றது என்பதை உரப்பு என்பர். செறிவு வெளியுலகத்துப் பொருள். உரப்பு உள்ளத்து உணர்வு. இரண்டும் ஒன்றையொன்று தொடர்வனவாயினும் ஒன்றாகமாட்டா. அமெரிக்காவில் பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவரும் 1933ஆம் ஆண்டிலே, ஒரே செறிவுடைய ஒலிகளும் அவற்றின் சுருதி வேறுபடும்பொழுது வெவ்வேறு உரப்புடையனவாகக் கேட்கும் என்பதை அளந்து காட்டினர். ஒலியின் செறிவு 10 தெசிபெல்லால் உயரும்பொழுது அதன் ஆற்றல் பத்து மடங்காகின்றது. கேட்பவருக்கோ அது ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிதாகவே தோன்றுகின்றது. பத்து மடங்கு சுமை வந்து சேரும்பொழுது இரண்டு மடங்கென்று மட்டுமே கணக்குச் சொல்லும் காவற்காரனைப் போன்றது செவி. இந்த உவமையை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் இதற்குத் தேவை ஏற்படும்.

இனி, ஓர் ஒலி தொடங்கிய கணத்திலிருந்து நிகழ்வதைக் காண்போம். ஒலி தொடங்கியவுடனேயே அதன் முழு உரப்பும் உணரப்படுவதில்லை. மிகக் குறுகிய நேரமே ஒலித்து நின்றுவிடும் ஓசை, அதே செறிவுடன் சற்று நீண்டு ஒலிக்கும் ஓசையிலும் பார்க்கச் சிறிதாகவே கேட்கின்றது. ஒலி நீள நீள உரப்பும் வளர்ந்து, ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு நேரத்தில் தன் முழுமையை அடைகின்றது. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரையென வகுத்துக்கொண்டனர் பண்டைத் தமிழிலக்கண நூலார். செவியானது ஓர் ஓசையை எடைபோட்டு முடிப்பதற்கும் ஏறக்குறைய ஓர் இமைப்பொழுதே தேவைப்படுகின்றது எனலாம். ஆகவே, தொடரும் ஒலியின் வரலாற்றில் முதல் அத்தியாயம் தேய்வன்று, வளர்ச்சியேயாகும்.

அடுத்த அத்தியாயத்திலேதான் சிக்கல் எழுகின்றது. மற்றைப் புலன்களை நோக்கினால், தொடரும் தூண்டலுக்கு அவை சலித்துப்போவதைக் காணலாம். மல்லிகைப் பூக்கள் வைத்த அறையினுள் நுழைந்தவுடன் நறுமணம் வீசுகின்றது. சிறிது நேரத்தில் அம்மணம் இருப்பதே தெரிவதில்லை. கையிலே கட்டிய கடிகாரத்தின் பாரம் கட்டிய சில நிமிடங்களில் மறந்துபோகின்றது. நரம்புகளிலே ஓடும் மின்துடிப்புகளை ஆராய்ந்து 1932ஆம் ஆண்டு நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட இங்கிலாந்து உடற்றொழிலியல் அறிஞர் ஏட்ரியன், தூண்டல் மாறாது நீடிக்கும்பொழுது புலனரம்பின் துடிப்புகள் படிப்படியாகக் குறைவதைக் கண்டறிந்தார். செவிநரம்பும் இதற்கு விலக்கன்று. ஒலி தொடங்கும்பொழுது அதன் இழைகள் மிக விரைவாகத் துடிக்கின்றன. ஒரு செக்கனின் சிறு கூறு கழிவதற்குள் அவ்வேகம் தணிந்து ஒரு நிலைக்கு வருகின்றது. பூனையின் செவிநரம்பில் இதனைத் தனித்தனி இழைகளாக அளந்து, கியாங் என்பவரும் அவருடைய துணைவரும் 1965ஆம் ஆண்டிலே விரிவாக வெளியிட்டனர்.

எனவே, தொடரும் ஒலியின் உரப்பும் இவ்வாறே தேய்ந்துசெல்லும் என எதிர்பார்ப்பது இயல்பே. 1950ஆம் ஆண்டிலே ஹூட் என்னும் ஆங்கில அறிஞர் செய்த பரிசோதனை இவ்வெதிர்பார்ப்பை உறுதிப்படுத்துவது போலிருந்தது. அவர் கையாண்ட முறை எளியது. ஒருவருடைய ஒரு செவியில் மாறாத ஒலியொன்றைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்வர். இடையிடையே மற்றச் செவியில் இன்னோர் ஒலியைச் சிறிது நேரம் எழுப்பி, இரண்டும் ஒரே உரப்பாகக் கேட்குமாறு அதனைக் கூட்டிக் குறைக்கச் செய்வர். சில நிமிடங்கள் சென்றபின், இரண்டாவது ஒலியை வெகுவாகக் குறைத்தாலன்றி இரண்டும் சமமாகக் கேட்கவில்லை. ஆகவே தொடர்ந்து ஒலித்த செவியில் உரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என முடிவு செய்யப்பட்டது. பல ஆண்டுகள் இம்முடிவு பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

பின்னர் வந்தவர்கள் ஐயமொன்றை எழுப்பினர். அளப்பதற்கென்று மற்றச் செவியில் எழுப்பப்படும் ஒலியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகின்றதோ என்பதே அவ்வையம். ஒப்புநோக்கும் ஒலி எதனையும் எழுப்பாமல், தொடரும் ஒலியை மட்டும் கேட்கச் செய்து, அதன் உரப்பினை எண்களாற் கூறுமாறு கேட்டனர். அப்பொழுது வியப்பான விடை கிடைத்தது. சாதாரண உரப்புடன் தனியே ஒலிக்கும் ஓசை பல நிமிடங்கள் சென்றபின்னும் ஏறத்தாழ அதே உரப்புடனேயே கேட்டது! இடையிடையே வேறோர் ஒலி குறுக்கிட்டபொழுதுதான் குறைவு தோன்றியது. போட், கனவே, ஷார்ப் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இதனைத் தெளிவாக்கினர். அளவுகோலே அளக்கப்படும் பொருளைச் சுருக்கிவிட்ட கதை இது. ஒருமுறை அளந்து பெற்ற முடிவையும் அளந்த முறையோடு சேர்த்தே ஆராயவேண்டும் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

எனினும் ஒருவகை ஒலி மட்டும் உண்மையாகவே தேய்கின்றது. அது மிக மெல்லிய ஒலி. ஒருவருக்குக் கேட்கக்கூடிய ஆகச் சிறிய அளவுக்கு மேல் ஏறத்தாழ 30 தெசிபெல்லுக்குட்பட்ட ஒலிகள், சிறப்பாக உச்சச் சுருதியுடையவை, இடையறாது ஒலித்தால் மெல்ல மெல்ல மங்கிச் செல்கின்றன. சிலருக்குச் சில நிமிடங்களில் முற்றாகவே மறைந்துபோவதுமுண்டு. ஒலி அங்கேயே இருக்கின்றது. கேட்பவருக்கோ அமைதிதான் கேட்கின்றது. ஒலியிலே சிறு ஏற்றத்தாழ்வு தோன்றினால் அது மீண்டும் புலப்படலாம்.

அவ்வாறாயின், ஆலைக்கு அயலிலே வாழும் வீட்டுக்காரருக்கு என்ன நிகழ்ந்தது? ஆலையின் இரைச்சல் மெல்லிய ஒலியன்று. சுவர்களைக் கடந்து வந்தபின்னும் அது தெளிவாகக் கேட்கத்தக்கதே. அவருடைய செவியும் குறையற்றது. அவருடைய செவி கேட்டுக்கொண்டேயிருக்கின்றது. அவருடைய கவனந்தான் அதனை நீங்கிவிட்டது. இதற்குச் சான்று வேண்டுமா? என்றாவது நண்பகலில் ஆலை திடீரென நின்றுவிட்டால், "என்ன, மில் நின்றுவிட்டதா?" என்று முதலில் தலைநிமிர்பவர் அவரே. கேளாத ஒலி நின்றதை ஒருவர் எவ்வாறு அறிவார்? மூளையின் ஒரு பகுதி அவ்வோசையைக் கணந்தோறும் ஏற்று, "இது பழையதே, இது பழையதே" எனக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது என்பதே பொருள்.

மொஸ்கோவிலே சொகொலொவ் என்னும் உளவியலறிஞர் 1950களிலும் 1960களிலும் இதனை நுணுகி ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப ஒரே ஒலியைக் கேட்கும் ஒருவருடைய உடல் முதலில் விழிப்புணர்வைக் காட்டுகின்றது. பின்னர் அவ்விழிப்புணர்வு தணிந்துவிடுகின்றது. ஆனால் அவ்வொலியைச் சற்றே முன்னதாக நிறுத்திவிட்டால், ஒலி நின்ற அக்கணத்தில் விழிப்புணர்வு மீண்டும் எழுகின்றது. வழக்கமான ஒலியின் மாதிரியொன்றை மூளை தன்னுள் வரைந்துகொண்டு, வருவன யாவற்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. ஒத்தவை வாயிலோடு நிற்கின்றன. மாறுபட்டவை உள்ளே அழைக்கப்படுகின்றன. இடியோசைக்கும் எழாத தாய், தொட்டிலிற் குழந்தை முனகியவுடன் விழித்துக்கொள்வதும் மூளை ஒலிகளைத் தெரிந்தெடுப்பதனாலேயாம். இவ்வகைப் பழக்கம் மனிதனுக்குக் கிடைத்த பெரும்பேறு. இஃதில்லாவிடிற் கடலோரத்தில் வாழ்பவர் அலையோசையினாலும், நகரத்தில் வாழ்பவர் தெருவோசையினாலும் ஒரு கணமேனும் சிந்திக்க இயலாமற் போவர்.

தொடரும் ஒலி மறைவதை மருத்துவரும் ஒரு காலத்தில் நோய்க்குறியாகப் பயன்படுத்தினர். செவிப்புலன் அறிவியலுக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான ரேமண்ட் கார்ஹார்ட் 1957ஆம் ஆண்டிலே ஒரு சோதனையை வகுத்தார். நோயாளிக்கு மட்டுமட்டாகக் கேட்கத்தக்க ஒலியொன்றைத் தொடர்ந்து கொடுத்து, கேட்கும்வரை கையை உயர்த்தியிருக்கச் சொல்வர். ஒலி மறைந்ததென்று அவர் கையைத் தாழ்த்தினால் ஒலியைச் சிறிது கூட்டுவர். ஒரு நிமிடம் முழுவதும் ஒலி நிலைத்துக் கேட்பதற்கு எவ்வளவு கூட்ட வேண்டியிருந்தது என்பதே கணக்கு. அளவுக்கு மிஞ்சிக் கூட்ட வேண்டியிருந்தால் செவிநரம்பிலே கட்டி முதலிய நோய் இருக்கக்கூடும் என மருத்துவர் ஐயுறுவர். நலிந்த நரம்பு, சுமையைத் தூக்கவல்லதாயினும் தாங்கி நிற்க வல்லதன்று. பிற்காலத்தில் காந்தப்புலத்தின் துணைகொண்டு உடலுட் படமெடுக்கும் கருவிகள் வந்தபின் இச்சோதனையின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும், கேட்கும் ஒலி எவ்வளவு நேரம் நிலைக்கின்றது என்பதும் செவியின் நலத்தைக் காட்டும் என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

இனி, ஆலையின் உள்ளே வேலை செய்யும் தொழிலாளியிடம் திரும்புவோம். அவருடைய கதை வேறு. அதனை முதன்முதல் எண்களோடு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் ஸ்கொட்லாந்திலே கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தோமஸ் பார் ஆவார். கப்பல்களுக்கும் நீராவிப் பொறிகளுக்கும் வேண்டிய கொதிகலன்களைச் செய்யும் தொழில் அந்நகரிற் சிறந்தோங்கிய காலம் அது. இரும்புத் தகடுகளை ஆணி அறைந்து பிணைக்கும்பொழுது, ஒருவர் கொதிகலனின் உள்ளே அமர்ந்து ஆணியின் தலையைத் தாங்கிப் பிடிப்பார். வெளியே நிற்பவர்கள் சம்மட்டியால் அடிப்பார்கள். உள்ளேயிருப்பவர் நிலை, ஒலிக்கும் மணியின் உள்ளே தலையை வைத்திருப்பவர் நிலையை ஒத்தது. அத்தொழிலாளர் நூறு பேரை அம்மருத்துவர் சோதித்து 1886ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டார். நூற்றுவருள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. பொதுக்கூட்டத்திற் பேசுபவரின் சொற்களைக் கேட்டறிவது அவர்களுட் பெரும்பாலோர்க்கு அரிதாயிருந்தது. ஒப்பீட்டுக்காக அவர் சோதித்த தபாற்காரர்களின் நிலையோ வெகு நன்றாயிருந்தது.

இதற்குக் காரணம் யாது? உட்செவியிலே நத்தையோடு போன்று சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள்ளே ஒவ்வொரு செவியிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியலை இவற்றின் நுண்ணிய மயிர்களை அசைக்கும்பொழுதே நரம்பிலே செய்தி பிறக்கின்றது. பேரொலி நீடித்தால் இக்கலங்கள் களைத்துவிடுகின்றன. அப்பொழுது செவி மந்தமாகின்றது. காதினுள் பஞ்சை அடைத்தாற்போன்ற உணர்வும் இரைச்சலும் தோன்றுகின்றன. ஓய்வு கிடைத்தால் சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ செவி தெளிகின்றது. இக்களைப்பு நாள்தோறும் திரும்பத் திரும்ப நேர்ந்தால் மயிர்க்கலங்கள் இறக்கின்றன. பறவைகளுக்கு இறந்த மயிர்க்கலங்களின் இடத்திற் புதியவை முளைக்கின்றன. மனிதனுக்கு அவ்வாறு முளைப்பதில்லை. போனது போனதே.

தெளிந்துவிட்டது என்று கருதப்படும் செவியும் முற்றாகத் தெளிந்ததன்று என்பது அண்மைக்காலத்து ஆராய்ச்சியால் வெளிப்பட்டுள்ளது. குஜாவா, லிபர்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பேரொலியைக் கேட்ட சுண்டெலிகளின் செவிப்புலன் பழைய நிலைக்குத் திரும்பியபின்னும், மயிர்க்கலங்களையும் நரம்பிழைகளையும் இணைக்கும் இணைப்புகள் பல நிலையாக அழிந்துபோயிருந்ததை 2009ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர்.

பேரொலியின் முதற்பலி பெரும்பாலும் 4,000 மீடிறனை அடுத்துள்ள உச்ச ஒலிகளாகும். இதனாலேயே கேடு நெடுநாள் மறைந்திருக்கின்றது. மனிதர் பேசும் குரலின் வலிமை உயிரொலிகளிலே தங்கியிருக்கின்றது. சொல்லின் தெளிவோ மெய்யொலிகளிலே தங்கியிருக்கின்றது. அவற்றுட் பல உச்சச் சுருதியுடையவை. அவை மங்கும்பொழுது ஒருவருக்குப் பேச்சுக் கேட்கின்றது, ஆனால் விளங்குவதில்லை. "நீங்கள் வாய்க்குள்ளே பேசுகிறீர்கள்" என்று அவர் பிறரைக் குறைகூறத் தொடங்குகின்றார். பேரப்பிள்ளையின் மழலை அவருக்கு எட்டுவதில்லை. நாலுபேர் கூடிய இடத்தில் தலையாட்டிச் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றார். ஆலையின் இரைச்சல் குறைந்துவிட்டதாக மகிழ்ந்தவர், உலகத்தின் ஓசை முழுவதுமே குறைந்துவிட்டதை அறியாமல் வாழ்கின்றார்.

இங்கேதான் முன்னர்க் கூறிய காவற்காரனை நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டிலே வகுத்த வரையறைப்படி, 85 தெசிபெல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் இருத்தலாகாது. ஒலி 3 தெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைகின்றது. 88 தெசிபெல்லுக்கு நான்கு மணிநேரம். 91 தெசிபெல்லுக்கு இரண்டு மணிநேரம். 100 தெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம் மட்டுமே. 3 தெசிபெல் உயர்வு கேட்பவருக்குச் சிறு வேறுபாடாகவே தோன்றும். செவி தாங்கும் ஆற்றலோ இருமடங்காகிவிடுகின்றது. கேட்பவர் உணரும் உரப்பு ஆபத்தை உள்ளபடி உரைப்பதில்லை. பேரொலி நீடிக்கும்பொழுது, களைத்த செவிக்கு அது சிறிதாகவே தோன்றுவதால், எச்சரிக்கை வேண்டிய வேளையிலேயே காவற்காரன் உறங்கிவிடுகின்றான்.

இது தொழிலாளரின் கவலை மட்டுமன்று. இன்று இளைஞர் பலர் பாடல்களைச் செவியினுள்ளே பொருத்திய சிறு கருவிகள் வழியே மணிக்கணக்காகக் கேட்கின்றனர். தொடக்கத்திற் போதுமாயிருந்த ஒலி சிறிது நேரத்திற் போதாமற்போக, விரல் தானாகவே அதனைக் கூட்டிவிடுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடு சேர்ந்து வெளியிட்ட நெறியின்படி, வளர்ந்தோர் 80 தெசிபெல் அளவில் வாரமொன்றுக்கு 40 மணிநேரம் வரையிலேயே இவ்வாறு கேட்கலாம்.

கருவியேதுமின்றித் தம்மைச் சோதிக்கவும் வழியுண்டு. கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு உரக்கக் கத்திப் பேச வேண்டியிருந்தால் அவ்விடத்து ஒலி கேடு விளைக்கத்தக்கதென ஐயுறலாம். வேலைக்குப் போகுமுன் காலையில் வானொலியைத் தெளிவாகக் கேட்குமளவுக்கு வைத்து, திருகியின் நிலையைக் குறித்துக்கொள்க. மாலையில் திரும்பி வந்து அதே நிலையிற் கேட்கும்பொழுது சொற்கள் விளங்காமல் மங்கினால், அன்றைய ஓசை செவியைக் களைப்படையச் செய்திருக்கக்கூடும். மறுநாட் காலை அது மீண்டும் தெளிவாகக் கேட்கலாம். அதனால் மனநிறைவு கொள்ளாது, செவிக்காப்பு அணிவதும், இடையிடையே அமைதியான இடத்தில் ஓய்வு கொள்வதும், மருத்துவரிடம் செவியைச் சோதித்துக்கொள்வதும் அறிவுடைமையாகும். வகுப்பிலே பின்வரிசையிலிருந்து மறுமொழி கூறாத மாணவனைக் கவனமில்லாதவன் எனக் கடிந்துகொள்ளுமுன், அவனுக்குக் கேட்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கடமையாகும்.

ஆலை நின்றவுடன் தலைநிமிர்ந்த வீட்டுக்காரருக்கு அயலிலே குயில் கூவுவது உடனே கேட்கின்றது. உள்ளிருந்து வெளியே வரும் தொழிலாளிக்கும் அது கேட்கவேண்டும். "காதுக்குப் பழகிவிட்டது" என்று யாரேனும் கூறினால், பழகியது மனமா, பழுதுற்றது செவியா என்று அவரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருக்கு அக்கேள்வி கேட்கும் காலத்திலேயே அதனைக் கேட்டுவிடுங்கள்.